பல சமயத்தார் கூடும் ஒரே சபை: ஆன்மிகமும் அறமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெவ்வேறு சமய மரபுகளில் வளர்ந்தவர்களும், எந்த மரபிலும் சேராதவர்களும் ஒரே சபையாகக் கூடி, ஆன்மிகத்தையும் அறத்தையும் சேர்ந்து ஆராயும் இடங்கள் உலகின் பல பகுதிகளில் இருக்கின்றன. அத்தகைய சபைக்குப் புதிதாக வருவோர் மனத்தில் எழும் ஐயங்களையும், அவற்றுக்கு நான் சொல்லக்கூடிய விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இவை விதிமுறைகள் அல்ல. சில இடங்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கும்.

மத நல்லிணக்கக் கூட்டத்துக்கும் இத்தகைய சபைக்கும் என்ன வேறுபாடு?

நல்லிணக்க மேடையில் ஒவ்வொரு சமயத்தின் சார்பாகவும் ஒருவர் பேசுவார்; பேசி முடித்தபின் அவரவர் தத்தம் வழிபாட்டிடத்துக்குத் திரும்பிவிடுவார். சபைக்கு வருபவர் யாருக்கும் பிரதிநிதி அல்லர். அவர் தமக்காக மட்டுமே பேசுகிறார், வாரந்தோறும் அதே மனிதர்களோடு அமர்கிறார், அவர்களுடைய வீட்டுத் துக்கத்துக்குப் போகிறார், அவர்களோடு கருத்து வேறுபட்ட பிறகும் அடுத்த வாரம் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறது. மேடையில் ஒரு மாலைப் பொழுதுக்குக் காக்கப்படும் மரியாதையை இங்கே ஆண்டுக்கணக்கில் காக்க வேண்டியிருப்பதால், அது மரியாதையாக மட்டும் நின்றுவிடாமல் ஒருவரையொருவர் அறிவதாகவும் மாறியாக வேண்டும்.

இது அண்மைக் காலத்தில் தோன்றிய முயற்சியா?

இல்லை. 1568-இல் திரான்சில்வேனியாவின் (இன்று ருமேனியாவில் உள்ள பகுதி) தோர்தா நகரில் கூடிய மன்றம், போதகர்கள் நற்செய்தியைத் தாம் புரிந்துகொண்டவாறு போதிக்கலாம் என்றும், எந்தப் போதகரை ஏற்பது என்பதைச் சபையே முடிவு செய்யலாம் என்றும் ஆணையிட்டது. அந்த ஆணையின் முழுப் பாதுகாப்பு கிறித்தவப் பிரிவுகள் சிலவற்றுக்கே கிடைத்தது. யூதரும் இசுலாமியரும் அதற்கு வெளியேதான் நின்றனர். ஆயினும் நம்பிக்கையை ஆணையால் திணிக்க முடியாது என்ற எண்ணம் ஐரோப்பாவில் சட்ட வடிவம் பெற்ற மிகத் தொடக்கக்காலச் சான்றுகளில் அது ஒன்று.

ராஜாராம் மோகன் ராயும் அவருடைய நண்பர்களும் 1828-இல் தொடங்கிய பிரம்ம சமாஜத்தின் 1830-ஆம் ஆண்டு அறக்கட்டளைப் பத்திரம் இன்னும் சுவையானது. வழிபாட்டுக் கூடம் எல்லா வகை மக்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று சொல்வதோடு அது நின்றுவிடவில்லை. உருவ வழிபாட்டை ஏற்காத அந்தச் சமாஜம், பிறர் வணங்கும் எந்தப் பொருளையும் அந்தக் கூடத்தில் இகழ்ந்து பேசக் கூடாது என்றும் எழுதி வைத்தது. தான் ஏற்காததை இகழாதிருப்பது என்னும் இந்தக் கட்டுப்பாட்டைத்தான் பல சமயச் சபை ஒவ்வொன்றின் அடித்தளமாகவும் நான் கருதுகிறேன். வள்ளலார் 1865-இல் தொடங்கிய சன்மார்க்க சங்கம் சாதி, சமய வேறுபாடுகளைக் கடந்து சீவகாருண்யத்தை மையமாக்கியது. அமெரிக்காவில் யூனிடேரியன், யுனிவர்சலிஸ்ட் என்ற இரு கிறித்தவ மரபுகள் 1961-இல் ஒரே அமைப்பாக இணைந்தன. அதன் சபைகளில் இன்று கிறித்தவரும் பௌத்தரும் யூதரும் இறைமறுப்பாளரும் ஒருசேர உறுப்பினர்களாக இருக்கிறார்கள்.

எல்லா மதங்களும் ஒன்றையே சொல்கின்றன என்பதுதானே இதன் அடிப்படை?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் 'ஆம்' என்ற விடையை எதிர்பார்த்தே கேட்கிறார். என் விடை 'இல்லை' என்பதுதான்.

படைத்தவன் ஒருவன், அவனுக்கு இணை இல்லை என்பது இசுலாத்தின் மையம். கடவுள் மனிதனாகப் பிறந்தார் என்பது கிறித்தவத்தின் மையம். நிலையான ஆன்மா என்று ஒன்றைக் காண முடியாது என்று பௌத்தம் சொல்கிறது. எண்ணற்ற உயிர்கள் என்றென்றும் உண்டு, ஆனால் உலகைப் படைத்த கடவுள் இல்லை என்று சமணம் சொல்கிறது. இவற்றை 'ஒரே உண்மையின் வெவ்வேறு பெயர்கள்' என்று சொல்லிவிட்டால் அந்த நால்வருமே தாம் சொன்னது காதில் விழவில்லை என்றுதான் எண்ணுவார்கள்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் யானையைத் தடவிப் பார்த்த பார்வையற்றோர் கதையைச் சொல்லாமல் இருக்கமாட்டார். பௌத்தப் பாலி நூலான உதானத்தில் வரும் அந்தக் கதையைச் சற்று நிதானமாகப் படித்தால் இரண்டு செய்திகள் தெரியவரும். முதலாவது, தத்தம் கொள்கையே சரி என்று சண்டையிட்டுக்கொண்ட பரிவிராசகர்களை, அதாவது ஊர் ஊராகத் திரியும் துறவிகளை, கண்டிப்பதற்காகப் புத்தர் சொன்ன கதை அது. எல்லாருக்கும் உண்மையில் ஆளுக்கொரு பங்கு கிடைத்திருக்கிறது என்று ஆறுதல் கூறுவதற்காகச் சொன்னதன்று. இரண்டாவது, முழு யானையையும் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் அரசர் ஒருவர் கதைக்குள் இருக்கிறார். 'எல்லாரும் ஆளுக்கொரு பகுதியைத்தான் தொடுகிறீர்கள்' என்று சொல்பவர், தம்மை அறியாமலேயே அந்த அரசரின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறார். பணிவைக் காட்டுவதற்காகச் சொல்லப்படும் கதைக்குள் இவ்வளவு பெரிய உரிமை கோரல் ஒளிந்திருப்பதைச் சபையினர் முதன்முதலில் உணரும்போது கூடத்தில் ஒரு சிறு அமைதி நிலவும். அந்த அமைதிக்குப் பிறகு நடக்கும் உரையாடல் பெரும்பாலும் நல்ல உரையாடலாக அமைகிறது.

இறைக்கொள்கையில் வேறுபட்டாலும் அறத்திலாவது எல்லா மரபுகளும் ஒன்றுபடுகின்றன அல்லவா?

செயலில் ஒன்றுபடும் இடங்கள் நிறைய உண்டு. ஆனால் காரணங்களில் அவை வேறுபடுகின்றன, சபையில் கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் அந்தக் காரணங்களில்தான் இருக்கிறது.

எல்லாரும் எடுத்துக்காட்டும் பொன்விதியையே பார்ப்போம். தனக்கு வேண்டாததைப் பிறருக்குச் செய்யாதே என்று கன்பூசியஸ் சொன்னார். 'இன்னா எனத்தான் உணர்ந்தவை துன்னாமை வேண்டும் பிறன்கண் செயல்' என்பது குறள். பிறர் உங்களுக்கு எதைச் செய்ய விரும்புகிறீர்களோ அதை அவர்களுக்குச் செய்யுங்கள் என்று மத்தேயு நற்செய்தியில் இயேசு சொல்கிறார். தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஒருவர் உண்மையான நம்பிக்கையாளர் ஆகமாட்டார் என்பது நபிமொழி. மேலோட்டமாகப் பார்த்தால் நான்கும் ஒன்றே. கூர்ந்து பார்த்தால், முதல் இரண்டும் தீங்கு செய்யவிருக்கும் கையைத் தடுக்கின்றன. மூன்றாவது, சும்மா இருக்கும் கையை நீட்டச் சொல்கிறது. நான்காவது, கையை விட்டுவிட்டு விருப்பத்தையே பிடித்துக்கொள்கிறது, அதை நம்பிக்கையின் அளவுகோலாகவும் ஆக்குகிறது. யூத அறிஞர் ஹில்லெல் தம்மிடம் வந்தவரிடம், 'உனக்கு வெறுப்பானதை அயலானுக்குச் செய்யாதே. தோரா முழுவதும் இதுவே, மற்றதெல்லாம் விளக்கம்' என்று யூத மறைநூலான தோராவைச் சுருக்கிச் சொன்னதைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். அதற்கு அடுத்து அவர் சொன்ன 'போய்ப் படி' என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள்!

ஈகையை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். ஓராண்டு முழுவதும் கையிருப்பில் உள்ள சேமிப்பு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், அதில் நாற்பதில் ஒரு பங்கை, அதாவது 2.5 விழுக்காட்டை, இசுலாமியர் ஜகாத்தாகக் கொடுக்க வேண்டும். இது கொடுப்பவரின் தயவு அன்று. செல்வர்களின் பொருளில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் உரிமை உண்டு என்று குர்ஆன் சொல்கிறது. யூத மரபில் ஈகையைக் குறிக்கும் 'செதாக்கா' என்ற சொல்லின் வேர் நீதியைக் குறிப்பது. 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடீஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்து, ஒருவருக்குக் கடனோ தொழிலோ கூட்டோ தந்து அவர் மறுபடி கையேந்தாதபடி செய்வதை எல்லாவற்றுக்கும் மேலான படியாக வைத்தார். வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற இயேசுவின் சொல்லில் கவனம் கொடுப்பவரின் உள்ளத்தின் மீது இருக்கிறது. பௌத்தத்தில் தானம், கொடுப்பவரின் பற்றைத் தளர்த்தும் பயிற்சி. திரும்பக் கிடைக்கும் என்ற எண்ணமின்றி, உரிய இடத்தில், உரிய காலத்தில், உரியவருக்குக் கொடுப்பதே சாத்துவிக தானம் என்கிறது கீதை. வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் அளந்து திரும்பப் பெறும் 'குறியெதிர்ப்பை' என்று வள்ளுவர் ஒரே வீச்சில் தள்ளிவிடுகிறார்.

இப்போது சபை தன் நிவாரண நிதியை யாருக்கு, எப்படிக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்பவர் தகுதியுடையவரா என்று விசாரிக்கலாமா? உரிமை என்று எண்ணுபவருக்கு அந்த விசாரணையே அவமதிப்பாகத் தோன்றும். ஆனால் அதே மரபில் ஜகாத் பெறத்தக்க எட்டு வகையினரை வேதமே வரையறுத்திருப்பதும் உண்மை. 'உரியவருக்கு' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்பவர் விசாரித்தே ஆக வேண்டும் என்பார். பற்றை விடும் பயிற்சி என்று எண்ணுபவருக்கு, கொடுத்தபின் அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று தேடுவதே பொருளற்றது. மைமோனிடீஸைப் படித்தவர், ஒருமுறை கொடுக்கும் நிதியைவிட ஒரு தையல் இயந்திரம் மேல் என்று வாதிடுவார். எல்லா மரபுகளும் 'கொடு' என்றுதான் சொல்லின. ஆனால் காரணங்களைப் பேசாமல் அந்த நிதியின் முதல் தொகையைக்கூட வழங்க முடியாது.

அறக் கேள்வியில் தீராத முரண்பாடு வந்தால் சபை என்ன செய்யும்?

சில கேள்விகள் தீராது. கிறித்தவ மரபைச் சேர்ந்த குவேக்கர்கள், எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் ஏந்துவதில்லை என்று 1661-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கு அறிவித்தார்கள். கீதையோ போர்க்களத்தில், போரிடத் தயங்கும் ஒருவனிடம் சொல்லப்படுகிறது. கீதையை உள்மனப் போராட்டமாக வாசித்தவர் காந்தி; எல்லாரும் அப்படி வாசிப்பதில்லை. சமணர் சிலர் வாழ்வின் இறுதியில் உணவைப் படிப்படியாகக் குறைத்து உயிர் துறக்கும் சல்லேகனை, அந்த மரபினருக்குப் பற்றறுத்தலின் உச்சம். உயிர் இறைவன் தந்த அடைக்கலப் பொருள் என்று நம்பும் ஒருவருக்கு அதை ஏற்பது மிகக் கடினம்.

இத்தகைய கேள்விகளில் வாக்கெடுப்பு நடத்தி 'சபையின் நிலைப்பாடு' ஒன்றை அறிவிக்கும் ஆசை வரும். உடனடிச் செயல் தேவைப்படாத இடத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. அதற்குப் பதிலாக, மாற்றுக் கருத்துடையவரின் நிலையை, 'ஆம், நான் நினைப்பது இதுதான்' என்று அவரே ஒப்புக்கொள்ளும் வகையில் எடுத்துச் சொன்ன பிறகே அதை மறுக்கலாம் என்ற ஒழுங்கை வைத்துக்கொள்ளலாம். இது கேட்பதற்கு எளிது. செய்து பாருங்கள், இரண்டு மூன்று முறை தோற்ற பிறகுதான் கைவரும்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர் வரலாமா?

தாராளமாக வரலாம். பௌத்தத்திலும் சமணத்திலும் படைப்புக் கடவுள் இல்லாமலேயே பெரும் அற மரபுகள் வளர்ந்திருக்கின்றன. இறையை மையமாகக் கொள்ளாத மனிதநேய அறிக்கை அமெரிக்காவில் 1933-இல் வெளியானபோது அதில் ஒப்பமிட்டவர்களில் பலர் யூனிடேரியன் போதகர்களே.

நம்பாதவருக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அது நம்புபவருக்கும் பொருந்தும். மற்றவர் வழிபடுவதை உளவியல் என்றோ பழக்கம் என்றோ அவருக்காக நீங்கள் விளக்கிவிட வேண்டாம். அதுபோலவே, 'உங்கள் உள்ளே இருக்கும் அன்புதான் கடவுள், உங்களுக்கே அது தெரியவில்லை' என்று இறைமறுப்பாளரை யாரும் அன்போடு மதம் மாற்றிவிடவும் வேண்டாம்.

நான் என் மதத்தை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். தம் மரபை நன்கு அறிந்து அதில் ஊன்றி நிற்பவரால்தான் இந்த உரையாடலுக்கு மிகுந்த பயன் கிடைக்கிறது. ஒரே நேரத்தில் இரு இடங்களில் உறுப்பினராக இருப்பதை உங்கள் மரபு ஏற்குமா என்பது அந்த மரபுக்குள் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. சபை அதற்கு விடை சொல்ல முடியாது.

கூட்டு வழிபாட்டில் யாருடைய பிரார்த்தனையைச் சொல்வீர்கள்?

எல்லாருக்கும் பொதுவாக ஒரு பிரார்த்தனை எழுதும் முயற்சியில் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் 'ஒளி', 'அமைதி', 'பேராற்றல்' போன்ற சில சொற்கள்தான். யாரையும் புண்படுத்தாத அந்தச் சொற்கள் யாரையும் தொடுவதும் இல்லை.

இதற்கு மரபுகளே சில வழிகளைக் காட்டியிருக்கின்றன. 1986 அக்டோபர் 27 அன்று போப் இரண்டாம் ஜான் பால் பல சமயத் தலைவர்களை அசிசி நகருக்கு அழைத்தபோது, ஒவ்வொரு சமயத்தாரும் தனித்தனி இடங்களில் தத்தம் முறைப்படி பிரார்த்தித்துவிட்டுப் பின்னர் ஓரிடத்தில் கூடினர். சேர்ந்து பிரார்த்திப்பதற்காக அன்று, பிரார்த்திப்பதற்காகச் சேர்ந்து வந்திருக்கிறோம் என்ற வேறுபாடு அப்போது கவனமாகக் காக்கப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் ஈரானில் தோன்றிய பகாய் சமயத்தின் வழிபாட்டு இல்லங்களில் எந்தச் சமயத்தின் மறைநூலையும் வாசிக்கலாம், பாடலாம். ஆனால் சொற்பொழிவு இல்லை, இசைக்கருவியும் இல்லை. குவேக்கர்களின் பழைய வழக்கமோ மௌனமாக அமர்ந்திருப்பது. பேசத் தூண்டப்படுபவர் மட்டும் எழுந்து பேசுவார்.

இவற்றிலிருந்து பல சபைகள் தமக்கென ஒரு முறையை அமைத்துக்கொள்கின்றன. ஒருவர் தம் மரபின் பிரார்த்தனையை அதன் முழு வடிவில், இறைவன் பெயரை நீக்காமல், தம் மொழியில் சொல்வார். மற்றவர்கள் அதைக் கேட்டபடி மௌனமாக இருப்பார்கள். அவர்கள் அதில் சேர்ந்துகொள்கிறார்களா, வெறுமனே கேட்கிறார்களா என்பது அவரவர் மனத்தோடு நிற்கும்.

பிற மரபின் சடங்கையோ பயிற்சியையோ நாம் எடுத்துச் செய்யலாமா?

அந்த மரபினர் அழைத்தால், அவர்கள் முன்னிலையில், அவர்கள் சொல்லும் வரம்புக்குள் செய்யலாம். சீக்கியர்களின் பொது உணவுக்கூடமான லங்கரில் யார் வேண்டுமானாலும் வரிசையில் அமர்ந்து உண்ணலாம். கத்தோலிக்கத் திருப்பலிக்கு யாரும் வந்து அமரலாம்; ஆனால் நற்கருணை பெறுவது பொதுவாக அந்தத் திருச்சபையாருக்கு உரியது. கதவு திறந்திருப்பதும் எல்லா அறைகளும் திறந்திருப்பதும் ஒன்றல்ல.

அழைப்பு இல்லாத இடத்தில் தயக்கம் நல்லது. யூதர் ஒருவரும் இல்லாமல் கிறித்தவ சபைகள் சில, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை யூதர் நினைவுகூரும் பஸ்கா விருந்தைத் தம் நம்பிக்கைக்கு ஏற்ப மாற்றி நடத்துவதை யூதர் பலர் வருத்தத்தோடு கண்டித்திருக்கிறார்கள். தம் விடுதலையின் நினைவை வேறொன்றின் முன்னுரையாக ஆக்கிவிட்டதாக அவர்கள் கருதுகிறார்கள். பௌத்தத்திலிருந்து வந்த மனநிறை தியானத்தின் (mindfulness) கதை வேறு வகை. 1979-இல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸில் அதை மருத்துவமனைப் பயிற்சியாக வடிவமைத்தபோது நாள்பட்ட வலியால் துன்பப்பட்டவர்கள் பயன் பெற்றார்கள். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் புத்தர் வகுத்த எண்வழிப் பாதையில் அந்தக் கவனப் பயிற்சிக்கு அருகிலேயே நல்வாய்மையும் நற்செய்கையும் நல்வாழ்க்கைத் தொழிலும் இருக்கின்றன. சபையில் அந்தத் தியானத்தைச் செய்யும்போது, அருகில் இருப்பவற்றையும் ஒருமுறையாவது பேசிவிடுவது நேர்மை.

மறைநூல்களை எப்படிச் சேர்ந்து வாசிப்பது?

சிறிய பகுதியாக எடுத்து, அந்த மரபைச் சேர்ந்தவர் முதலில் பேச, மற்றவர் பின்னர் கேள்வி கேட்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒரே பொருளில் இரு மரபுகளின் பகுதிகளை அருகருகே வைப்பதும் பயன் தரும். ஆபிரகாமின் கதையைத் தோராவிலும் குர்ஆனிலும் அடுத்தடுத்து வாசித்தவர்கள் அதை மறப்பதில்லை.

சுவீடன் நாட்டு லூத்தரன் ஆயர் கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1985-இல் சொன்ன மூன்று நெறிகள் இங்கே கைகொடுக்கும். ஒரு சமயத்தைப் பற்றி அறிய அதைப் பின்பற்றுபவரைக் கேளுங்கள், அதன் பகைவரைக் கேட்காதீர்கள். உங்களிடம் உள்ள சிறந்ததை அவர்களிடம் உள்ள இழிந்ததோடு ஒப்பிடாதீர்கள். அவர்களிடம் உள்ள ஏதோ ஒன்றின் மீது புனிதமான பொறாமை கொள்ள மனத்தில் இடம் வையுங்கள். முதல் இரண்டும் ஒழுக்கம். மூன்றாவதுதான் ஆன்மிகம் என்று எனக்குத் தோன்றும். ஐந்து வேளையும் வேலையை நிறுத்தித் தொழுபவரைப் பார்த்து, என் நாளில் அப்படி ஓர் இடைநிறுத்தம் இல்லையே என்று ஏங்குவதற்கு நான் இசுலாமியராக வேண்டியதில்லை. ஆனால் அந்த ஏக்கத்துக்குப் பிறகு என் நாள் பழையபடி இருக்கவும் வேண்டியதில்லை.

ஒரு மரபில் உள்ள கொடுமைகளைப் பற்றிப் பேசலாமா, அல்லது அது நாகரிகக் குறைவா?

பேசியே ஆக வேண்டும். சாதி இழிவு, அடிமை முறைக்கு மறைநூலிலிருந்து காட்டப்பட்ட ஆதாரம், பெண்ணைத் தாழ்த்தும் விதிகள், யூத வெறுப்பு ஆகியவற்றைப் பேசாத சபை வெறும் பாராட்டு மன்றமாகிவிடும். கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல் வெளியிட்ட அறிக்கையில், இயேசுவின் மரணத்துக்கான பழியை எல்லா யூதர்கள் மீதும் சுமத்த முடியாது என்று அறிவித்தது. நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்த ஒன்றை அந்தத் திருச்சபையே மறுத்துரைத்ததால்தான் அதற்கு அவ்வளவு கனம் இருந்தது.

எனவே தொடங்கும் உரிமையை அந்த மரபைச் சேர்ந்தவருக்கும், அந்தக் கொடுமையால் காயப்பட்டவருக்கும் முதலில் கொடுக்கலாம். இருவரும் ஒருவராகவே இருப்பதும் உண்டு. தம் சமயத்தால் ஒதுக்கப்பட்டு இங்கே வந்த ஒருவரிடம், அந்தச் சமயத்தின் மேன்மையை விளக்கத் தொடங்குவதைவிட இரக்கமற்ற செயல் சபையில் வேறு இல்லை.

குழந்தைகளுக்கு எதைக் கற்றுத் தருவீர்கள்? அவர்கள் குழம்பிவிட மாட்டார்களா?

பத்துச் சமயங்களின் பண்டிகைப் பெயர்களை மனப்பாடம் செய்யவைத்தால் குழம்பத்தான் செய்வார்கள். வீட்டில் பெற்றோர் கடைப்பிடிக்கும் மரபை அவர்கள் முதலில் ஆழமாக அறியட்டும். சபையில், வேறு வீட்டுக் குழந்தை ஏன் இன்று நோன்பு இருக்கிறாள் என்பதை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். குழந்தைகள் நேரடியாகக் கேட்பார்கள், 'உங்கள் கடவுள் எங்கள் பாட்டியை நரகத்துக்கு அனுப்புவாரா?' என்பது வரைக்கும். அந்தக் கேள்வியை அதட்டி அடக்காமல், பெரியவர்கள் தமக்குத் தெரிந்த அளவு உண்மையாக விடை சொல்ல வேண்டும்.

பொது விருந்தில் உணவுக் கட்டுப்பாடுகளை எப்படிச் சமாளிப்பது?

ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதி வையுங்கள். ஒருவர் உண்ண மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். பூசையில் படைத்ததை வாங்கிக்கொள்ளாதவர் கொடுத்தவரை மறுக்கவில்லை.

முதன்முறை வருபவர் தம் நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டுமா?

வேண்டியதில்லை. பெயரைச் சொன்னால் போதும். சில மாதங்கள் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் முதன்முறையாக வாய் திறந்து கேட்டது, போன வாரம் பேசியவர் இன்று ஏன் வரவில்லை, உடல்நலம் இல்லையா என்பதைத்தான்.